லிஃப்ட்டுக்குள் ஒரு நாற்காலி

நானோ என்ற பட்டப்பெயரை அவளுக்குச் சூட்டியவர் அவளுடைய சித்தப்பா. ஒரு கல்யாண வீட்டில், நிலையில் தலை இடித்துவிடாமல் குனிந்து உள்ளே வந்தவளைப் பார்த்து, "வாம்மா நானோ! கண்ணுக்கே தெரியாததப் பத்திப் படிக்கிறியாமே, உன்ன மட்டும் தெருக்கோடியிலிருந்தே தெரியுதே!" என்றார். கூடியிருந்த சொந்தபந்தம் மொத்தமும் சிரித்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான். கல்யாணமாகி, டாக்டர் பட்டம் வாங்கி, காதோரம் நரைமுடி எட்டிப் பார்த்த பிறகும் போகவில்லை. கட்டிய புருஷன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான். சரி, நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம்.

உயரத்தையாவது மன்னித்துவிடலாம். குரல் இருக்கிறதே! அவளுடைய அப்பா ஓர் அச்சகத்தில் காலமெல்லாம் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். காது போய்விட்டது. அந்த வீட்டில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து குரல் கொடுக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அப்படியே பேசிப் பேசி, மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாமல் போனது. ரகசியம் சொல்கிறேன் என்று ஒருவர் காதருகே குனிந்தாளானால் அடுத்த அறையில் இருப்பவர் "அப்படியா!" என்பார். அம்மா போன பிறகு அப்பா அவளோடுதான் இருக்கிறார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் வீட்டுக்கு வந்ததும் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறான் என்று ஒரு பேச்சு உண்டு. அவன் அதை மறுத்ததில்லை.

இப்படிப்பட்டவள், உலகத்திலேயே ஆகச் சிறியதைத் தேடிப் பிடித்துத் தன் பிழைப்பாக்கிக் கொண்டாள். தலையெழுத்தா, கொழுப்பா, சொல்லத் தெரியவில்லை.

அப்பா மாதம் தவறாமல் கேட்பார். "ஏம்மா, நீ என்னதான் வேலை பாக்குற?"

"நானோ டெக்னாலஜிப்பா!"

"என்ன?"

"ரொம்ப ரொம்பச் சின்னப் பொருள்ப்பா! ஒரு தலைமுடிய எடுத்து அகலவாக்குல லட்சம் கூறு போட்டா, அதுல ஒரு கூறு!"

"அத எதுக்குப் போடணும்?"

"போட வேணாம்ப்பா! போட்டா எவ்ளோ இருக்குமோ அவ்ளோ சின்னதுன்னு சொல்றேன்! கண்ணுக்குத் தெரியாது!"

"கண்ணுக்குத் தெரியாதத வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

இந்த இடத்தில் மாடி வீட்டு ஜன்னல் திறக்கும். "தண்ணியில கலந்திருக்கிற ஈயத்தப் பிடிப்பாங்க பெரியவரே!" என்று மாடி வீட்டம்மாள் குரல் கொடுப்பாள். அவளுக்கு மனப்பாடம். தெருவுக்கே மனப்பாடம். அப்பாவுக்கு மட்டும் ஒவ்வொரு மாதமும் புதுச் செய்தியாக இருந்தது.

மாடி வீட்டம்மாள் சொன்னது சரிதான். நானோ செய்திருந்தது ஒரு வெள்ளைப் பொடி. பழைய குழாய்களில் வரும் தண்ணீரில் ஈயம் கலந்துவிடும். அதைக் குடித்து வளரும் குழந்தைகளுக்கு அது நஞ்சு. இந்தப் பொடி வழியாகத் தண்ணீரை விட்டால் ஈயம் பொடியிலேயே தங்கிவிடும். ஏன் தங்குகிறது என்பதற்கும் அவளிடம் பதில் இருந்தது. பொடியின் ஒவ்வொரு துகளிலும் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நடுநடுவே ஓர் இடைவெளி விட்டு நிற்கின்றன. ஈயம் அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித்தான் வந்தது. படத்தில் மட்டும் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது.

படம் வராததால் வேலையும் நிலைக்கவில்லை. ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்தம் முடியும், நீட்டிப்பார்கள், மறுபடி முடியும். ஒவ்வொரு முறையும் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து, அதே புகைப்படம் ஒட்டிய புது அட்டையை வாங்க வேண்டும். சொந்தக்காரர்களுக்கோ இது பெரிய வேடிக்கை. "இன்னும் படிச்சு முடிக்கலையா?" என்பார் பெரியப்பா. அத்தை இருக்கிறாளே, அவள் டாக்டர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, பார்க்கும்போதெல்லாம் புடவையை லேசாகத் தூக்கிக் கணுக்காலைக் காட்டி, "இந்த வீக்கத்துக்கு என்ன சாப்பிடலாம்?" என்பாள். மச்சினன் ஒட்டாத தோசைக்கல் ஒன்றை வாங்கிவந்து, அட்டையில் நானோ பூச்சு என்று போட்டிருப்பதைக் காட்டி, "இது நீங்க பண்ணதா அண்ணி?" என்று கேட்டான். இல்லை என்றதும் அவன் முகம் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருஷம் படித்து ஒரு தோசைக்கல்கூடச் செய்யவில்லையே என்று இருந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் சித்தப்பா. அவருடைய கூட்டாளி ஒருவர் தரைக்கு ஒட்டும் டைல்ஸ் விற்றார். "நானோ டைல்ஸ்னு புதுசா ஒண்ணு வருதாம். நீ கோட்டுப் போட்டுக்கிட்டுக் கடையில நின்னு, 'நான் டாக்டர், நானே இதத்தான் போட்டிருக்கேன்'னு சொன்னா போதும். குளுகுளுன்னு ஏசி. யோசிச்சுச் சொல்லு" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல். கெட்ட மனதோடு சொன்னால் திருப்பித் திட்டிவிடலாம்.

இந்த முறை ஒப்பந்தம் முடிந்தால் நீட்டிப்புக் கிடையாது என்று டைரக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிரந்தர இடம் இருந்தது. வயது வரம்பை அவள் தொட்டுக்கொண்டிருந்தாள். "உன் பொடி வேலை செய்யுதும்மா, அதுல யாருக்கும் சந்தேகமில்ல. ஏன் வேலை செய்யுதுன்னு நீ சொல்ற கதைக்குத்தான் படம் வேணும். தேர்வுக் குழு நேர்ல வந்து பாக்கப் போகுது. அந்த வரிசையக் காட்டு, இடம் உனக்கு. காட்டலன்னா..." என்று நிறுத்தினார். டைல்ஸ் கடையின் ஏசிக் காற்று அப்போதே அவள் கழுத்தில் பட்டது.

அணுக்களைப் படம் பிடிக்கும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் நிலையத்தில் இருந்தது. ஆள் உயரத் தூண். பக்கத்தில் ஒரு திரை. விலையோ கேட்டால் மயக்கம் வரும். தரை இம்மி அதிர்ந்தால் போதும், படம் கலங்கிவிடும். இத்தனை பவிசான கருவியைக் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள் தெரியுமா? கீழ்த்தளத்தில், லிஃப்ட்டுக்குப் பக்கத்து அறையில். ஏனய்யா என்று கேட்டதற்கு, அந்த அறைதான் காலியாக இருந்தது என்று பதில். மாற்றுங்கள் என்று அவள் கேட்டுக் கேட்டு நொந்து நூலாகிப் போனாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே மூன்று டைரக்டர்கள் ஓய்வு பெற்றார்கள்.

ஆகவே அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு கை உடைந்த நீல நாற்காலி. படம் எடுக்கும்போதெல்லாம் லிஃப்ட்டைக் கீழே வரவழைத்து, கதவு நடுவில் அந்த நாற்காலியைப் போட்டுவிடுவாள். கதவு மூடாது, லிஃப்ட் நகராது. ஐந்து மாடிக் கட்டடமும் அவளைச் சபித்துக்கொண்டே படியேறும். அறைக்குள்ளே அவள் செய்யாத ஏற்பாடு இல்லை. சுவர் முழுக்கப் பஞ்சு அட்டை. ஏசியை அணைத்துவிட்டு வியர்க்க வியர்க்க உட்காருவாள். செருப்பு வெளியே, செல்போன் வெளியே. சத்தம் பட்டாலும் கருவி ஆடும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்; கதவில் "பேசாதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். வராந்தாவில் யாராவது கிசுகிசுத்தால் பாய்ந்து வெளியே வந்து, "சத்தம் போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!" என்று அவள் போடுகிற சத்தத்தில் மாடிப்படிக்குக் கீழே படுத்திருக்கும் பூனை ஓடிவிடும்.

பிறகு உள்ளே போய்க் கருவியோடு பேச ஆரம்பிப்பாள். "வா ராஜாத்தி. நில்லு. அப்படியே நில்லு. ஏய், ஆடாத! என்னடி உனக்கு வேணும்? ஆடாதங்கறேன்ல!" படம் ஆடிக்கொண்டே இருக்கும்.

அதே அறைக்கு, அவள் நேரம் முடிந்து சாயங்காலம் வருகிறவர் பக்கத்துத் துறை ஆராய்ச்சியாளர். அவருக்கு அவள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். வணக்கம் சொன்னால் தலையாட்டுவார். கட்டடம் இடிகிறது என்றாலும் தலைதான் ஆட்டுவார். அந்த மனுஷன் எடுக்கும் படங்கள் கண்ணாடி போல் இருந்தன. "எப்படிங்க? அதே மெஷின், அதே ரூம்! உங்களுக்கு மட்டும் எப்படிங்க?" என்று அவள் கேட்டபோது அவர் வெகுநேரம் யோசித்து, "எனக்கு ஆடல" என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், லிஃப்ட் ஓடுவதில்லை, அதுதான் காரணம் என்று அவள் முடிவு கட்டினாள். ஒருநாள் அவரிடம் கெஞ்சிச் சாயங்கால நேரத்தை வாங்கிப் பார்த்தாள். அன்றைக்கும் ஆடியது. மொட்டைமாடித் தண்ணீர் மோட்டார் மேல் பழி விழுந்தது.

லிஃப்ட்டால் அவளுக்கு வாய்த்த ஜென்ம விரோதி நாலாவது மாடி அக்கவுண்டன்ட். அவருக்கு முழங்கால் தேய்மானம். டீ இல்லாமல் அவரால் இருக்கவும் முடியாது; டீயோ கீழ்த்தளத்தில்தான்.

"மேடம், என் முட்டி என்ன உங்க பொடி மாதிரி கண்ணுக்குத் தெரியாததா? வீங்கியிருக்கு, நல்லாப் பாருங்க!"

"அரை மணி நேரம் சார்! அரை மணி நேரம் அந்த லிஃப்ட் சும்மா நின்னா உலகம் அழிஞ்சிடுமா?"

"உலகம் அழியாது. நான் அழிஞ்சிடுவேன். நேத்தும் அரை மணின்னுதான் சொன்னீங்க. நான் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வாங்கின டீ என் வயித்துலயே ஆறிப் போச்சு."

"அப்ப ஒரு பிளாஸ்க் கொண்டு வாங்க!"

"அப்ப நீங்க ஒரு நல்ல மெஷின் கொண்டு வாங்க!"

இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. அவர் காதில் பஞ்சு வைப்பவரும் இல்லை, விட்டுக்கொடுப்பவரும் இல்லை. வீட்டில் புருஷன், "நீ தூக்கத்துலயும் அவரத் திட்டுற. பாவம், அவருக்கு விக்கல் எடுத்துடப் போகுது" என்றான்.

குழு வருகிற நாள் வந்தது. வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கைத்தடி ஊன்றி நடக்கும் ஓர் அம்மையார். இந்தத் துறையில் பெரிய தலை. இன்னொருவர் தடிக்கண்ணாடி போட்டவர். எதைச் சொன்னாலும் "ம்ஹூம்" என்று ஆரம்பிப்பவர். இருவரும் டைரக்டரோடு ஐந்தாவது மாடியில் அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே நானோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈயம் பிடித்த துகளைக் கருவிக்குள் ஏற்றிவிட்டு, அது அமைதியாவதற்காகக் காத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். அப்போது அக்கவுண்டன்ட் நொண்டிக்கொண்டே வந்தார். கையில் அவளுடைய நீல நாற்காலி.

"சார், இன்னைக்கு மட்டும் சண்ட வேணாம் சார். கால்ல வேணும்னாலும் விழறேன்."

"யாரு சண்ட போட வந்தா? அந்தத் தடி ஊன்ற அம்மா லிஃப்ட்லதான் இறங்கணும், இல்லையா? அவங்க இறங்குன உடனே இத உள்ள போட்டு நானே உக்காந்துக்குறேன். எவன் வந்தாலும் படியக் காட்டுறேன். எறும்புகூட ஏறாது. போதுமா?"

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் விடவில்லை. "ஆனா ஒண்ணு. இன்னைக்கும் படம் வரலன்னா இனிமே லிஃப்ட் மேல பழி போடக்கூடாது. ஆயுசுக்கும்."

"வரும் சார். லிஃப்ட் மட்டும் நின்னாப் போதும், கண்டிப்பா வரும்!" என்றாள். அந்த மெதுவான பதில் மூன்றாவது மாடி வரை கேட்டது.

லிஃப்ட் வந்தது. மூவரும் இறங்கினார்கள். அக்கவுண்டன்ட் பெரிய மனுஷத்தனமாக அவர்களுக்கு வணக்கம் வைத்துவிட்டு, நாற்காலியை உள்ளே போட்டு, காலைக் கதவு நடுவில் நீட்டி உட்கார்ந்துகொண்டார். குழு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்தது. நானோ திரைக்கு முன்னால் உட்கார்ந்து கருவியின் குமிழ்களைத் திருகினாள்.

திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு துகளின் விளிம்பு தெரிந்தது. அவள் பேச ஆரம்பித்தாள். எப்படிப் பேசாமல் இருப்பாள்? காலம் முழுக்க விளக்கி விளக்கி யாரும் காதில் போட்டுக்கொள்ளாத விஷயம். இன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் கிடைத்திருக்கிறார்கள். "இதோ, இந்த ஓரத்தப் பாருங்க. இங்கதான் அணுக்கள் வரிசையா நிக்குது. இன்னும் கொஞ்சம் பெருசாக்குறேன். பாருங்க, கோடு கோடா வருது பாருங்க..."

"ம்ஹூம். எனக்குப் புகை மாதிரிதான் தெரியுது" என்றார் தடிக்கண்ணாடி.

"இல்ல சார், வரும் சார், இப்ப வந்துடும்!"

திரை நடுங்கியது. கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வழிந்தன. இத்தனை வருஷமும் பார்த்த அதே இழவெடுத்த ஆட்டம். டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானோவுக்கு உச்சந்தலைக்கு ரத்தம் ஏறியது. லிஃப்ட்! இன்றைக்குமா! அந்த ஆள் டீ குடிக்கக் கிளம்பிவிட்டாரா? திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, வந்தவர்கள் யார் என்பதையும் மறந்து கத்தினாள்.

"சார்! யாரு சார் லிஃப்ட்ல ஏறுனது?"

"யாரும் ஏறல!" என்று வெளியிலிருந்து பதில் வந்தது. "நாற்காலி லிஃப்ட்டுக்குள்ள, நான் நாற்காலிக்குள்ள! கதவு திறந்தே கிடக்கு! வேணும்னா வந்து பாருங்க!"

"அப்புறம் ஏன் சார் ஆடுது!"

கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் பார்த்துவிட்டாள். அப்புறம் என்றபோது திரையில் கோடுகள் சிதறின. ஏன் என்றபோது சிதறின. சார் என்றபோது சிதறின. வாயை மூடியதும், கலைந்த கூட்டம் மறுபடி கூடுவது போல ஒன்று சேர்ந்து வந்தன.

பிறகு, பரீட்சை பார்ப்பவளைப் போல, "சார்" என்றாள். கோடுகள் நடுங்கின. சற்று உரக்க, "சார்!" என்றாள். உதறின.

"என்ன மேடம்?" என்றார் அக்கவுண்டன்ட், வெளியிலிருந்து.

ஐயோ, ஐயோ, ஐயோ! லிஃப்ட் இல்லை. மோட்டார் இல்லை. அவள். சுவருக்கெல்லாம் பஞ்சு அடித்து, ஏசியை நிறுத்தி, ஊரார் வாயை எல்லாம் அடைத்து வைத்தவள், தன் வாயை மட்டும் கணக்கில் சேர்க்கவே இல்லை! ஆடாதே, ஆடாதே என்று அவள் கருவியைக் கெஞ்சிய ஒவ்வொரு முறையும் அந்தக் கெஞ்சல்தான் அதை ஆட்டியிருக்கிறது. ஊமைக்கோட்டானுக்கு ஏன் ஆடவில்லை? அவர் ஊமைக்கோட்டான், அதனால் ஆடவில்லை! தன்னையே பிடித்து அறைய வேண்டும் போல இருந்தது அவளுக்கு. வெட்கமும் கோபமும் ஒன்றாகப் பொங்கி, வாய் வரை வந்த அலறலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

சரியாக அந்த நேரம் பார்த்துத் தடிக்கண்ணாடி கேட்டார். "ம்ஹூம். இடைவெளி இருக்குன்னு எழுதியிருக்கீங்களே. அது எங்க இருக்கு? ஏன் அங்க ஈயம் போய் உக்காருது? விளக்கமாச் சொல்லுங்க, கேக்கலாம்."

விளக்கமாகச் சொல்லுங்கள்! வாழ்நாளில் ஒருவர்கூட அவளை அப்படிக் கேட்டதில்லை. அத்தை கேட்டதில்லை, பெரியப்பா கேட்டதில்லை. பதிலெல்லாம் தொண்டையில் வரிசை கட்டி நின்றது. அவள் திரும்பி, அந்தப் பெரிய மனிதரின் முகத்தைப் பார்த்து, உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

டைரக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா இது, சார் கேக்குறாரு..." அவளுடைய விரல் அவரையும் பார்த்து உதட்டின் மேல் நின்றது. அவர் நடுவிலேயே நிறுத்திக்கொண்டார். கைத்தடி அம்மையார் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது போலிருக்கிறது. தரையில் ஊன்றியிருந்த தடியை மெல்லத் தூக்கி இடுக்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்து மூச்சை அடக்கினார்.

அறை அடங்கியது. அந்த அறையில் அவள் இருக்கும்போது அப்படி ஓர் அமைதி இருந்ததே இல்லை. திரையில் புகை மெல்ல இறங்கியது. கோடுகள் மெலிந்தன, பிரிந்தன, புள்ளிகளாயின. புள்ளிகள் வரிசையாக நின்றன. ஒரு வரிசை, அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை, பிறகு ஓர் இடைவெளி. அவள் எழுதியிருந்த அதே இடத்தில். அந்த இடைவெளிக்குள், சொல்லி வைத்தாற்போல, கறுத்துக் கனத்து ஒரு புள்ளி உட்கார்ந்திருந்தது. பக்கத்து இடைவெளியிலும் ஒன்று. அதற்குப் பக்கத்திலும்.

நானோ படத்தைப் பதிவு செய்யும் விசையை அழுத்தினாள். கறுத்த புள்ளியை விரலால் தொட்டுக் காட்டினாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. மூக்கை உறிஞ்சினால் சத்தம் வருமே என்று அதைக்கூட அப்படியே விட்டுவிட்டாள். தடிக்கண்ணாடி திரைக்கு மிக அருகே குனிந்து பார்த்தார். ம்ஹூம் என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் அவள் டீக்கு நின்றபோது டைரக்டர் தேடிக்கொண்டு வந்தார். பக்கத்தில் அக்கவுண்டன்ட் டீயோடு நின்றார்.

"இடம் உனக்குத்தாம்மா. நிரந்தரம். அந்த அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'விளக்கமாப் பேசுன்னு கேட்டும் வாயத் திறக்காம, வேலையத் தன் பாட்டுக்குப் பேச விட்டா பாருங்க, அந்த ஒண்ணுக்கே குடுக்கலாம்'னு சொல்லிட்டாங்க."

அக்கவுண்டன்டுக்குப் புரை ஏறிவிட்டது. தட்டிக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டியதாயிற்று. "வாயத் திறக்காததுக்கா?" என்றார், கண்ணில் நீர் முட்ட. "இவங்களுக்கா?" டைரக்டர் போன பிறகும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், திடீரென்று நிறுத்தினார்.

"மேடம், ஒரு சந்தேகம். அப்போ நான் இத்தன வருஷமா படி ஏறுனது?"

அவள் அவருடைய டீக் குவளையை வாங்கிக்கொண்டு, லிஃப்ட்டைக் கூப்பிட்டு, கதவைப் பிடித்து நின்று, "வாங்க சார்" என்றாள். அவர் முறைத்துக்கொண்டே ஏறினார். நீல நாற்காலி இப்போது அவர் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கு.

அன்று சாயங்காலம் படத்தைப் பெரிதாக அச்சடித்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல அடிவயிற்றிலிருந்து ஆரம்பிக்கப் போனவள், நிறுத்திக்கொண்டு, பேசாமல் அதை அவர் மடியில் வைத்தாள். அப்பா அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். அச்சகத்தில் இருந்த காலத்திலிருந்து வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைத் தலையணைக்குக் கீழிருந்து எடுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, பிழை பார்ப்பவரைப் போல நிதானமாகப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். புருஷன் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு வாசலில் வந்து நின்றான். வீட்டில் சத்தம் இல்லையே என்று பயந்துவிட்டான் போலும்.

"இதத்தானா நீ பாத்துக்கிட்டிருந்த?" என்றார் அப்பா. அவர் குரலும் சின்னதில்லை.

அவள் தலையாட்டினாள்.

"நீயா கண்டுபிடிச்ச?"

அதற்கும் தலையாட்டினாள்.

"வரிசை கோணாம நிக்குது" என்றார். அவர் வாயால் அதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கும் கண் கலங்கியது. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்குத்தானே என்று இருந்தது. அப்பா மறுபடி பூதக்கண்ணாடியைப் படத்தின் மேல் வைத்தார். பிறகு நிமிர்ந்து, நெற்றியைச் சுருக்கி, நிஜமான எரிச்சலோடு கேட்டார்.

"இவ்ளோ பளிச்சுன்னு தெரியுதே! இத்தன வருஷமா கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியாதுன்னு ஏம்மா சொல்லிக்கிட்டே இருந்த?"

நானோ தலையில் அடித்துக்கொண்டாள். புருஷன் பஞ்சைத் தேடினான். மேலே மாடி வீட்டு ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

"ஒரு தலைமுடிய எடுத்துக்கோங்கப்பா!"